ரிலே நல்லாத்தான் இருந்துச்சு

கேட்டீங்களா? பஸ்ஸோட செல்ப் எப்படி முனகுதுன்னு கேட்டீங்களா? இது மூணாவது தடவ. இந்த டிரைவருக்கு ஆரு சொல்றது. அடேய், சித்த ஆற உட்டுட்டுப் போடு சாமி, இருக்கற பேட்டரியும் போயிரும். நம்ம சொன்னா ஏறுமா அவன் காதுல. அந்தா, புடிச்சுக்கிச்சு. அவனுக்கு நல்ல நேரம். எல்லாருக்கும் அப்படி அமையறதில்லீங்க.

நீங்க ஜன்னலோரமே உக்காருங்க, எனக்குக் காத்து ஆகாது. கோயமுத்தூருங்களா? நானும் அந்தப் பக்கந்தானுங்க. கண்ணாஸ்பத்திரிக்கு. கிட்டப் பார்வை மங்குது. ஆனா காது மட்டும் இன்னும் இருவது வயசுக் காதுங்க. நம்ப மாட்டீங்க, இப்ப இந்த பஸ்ஸுல இடது பக்கம் பின் சக்கரத்துல பேரிங்கு போகப் போகுது. இன்னும் ஒரு மாசம் தாங்கும். அதப் போயி இவங்ககிட்டச் சொன்னா, ஏனுங்க நீங்க மெக்கானிக்கான்னு கேப்பாங்க.

எம்பேரு சென்னியப்பனுங்க. கோபிக்கு வடக்க கருங்கரடு. அங்க நீரேற்றுப் பாசனச் சங்கம்னு ஒண்ணு இருக்குது. பவானி ஆத்துல இருந்து தண்ணி எடுத்து மேட்டுக்காட்டுக்கு ஏத்தறது. இருநூத்தம்பது ஏக்கரா, வாழையும் மஞ்சளும். எல்லாத்துக்கும் ஒரே மோட்டாருதான், நூத்தம்பது எச்.பி. அந்த மோட்டாருக்கு முப்பத்தொரு வருசமா நாந்தான் எலக்ட்ரீசியன், நாந்தான் ஆப்பரேட்டர். ஸ்குரூ டிரைவரோட கைப்புடியக் காதுல வச்சு, நுனிய பேரிங்கு மேல வச்சுக் கேட்டன்னா, உள்ள என்ன நடக்குதுன்னு புட்டுப் புட்டு வைப்பேன். மீட்டரு எல்லாம் எனக்கு அப்பறந்தானுங்க.

அப்படிப்பட்ட எடத்துக்கு, அளக்கற பொட்டி ஒண்ணத் தூக்கிட்டு ஒரு பொண்ணு வருது. நானும் ஒண்ணுஞ் சொல்லல. போன வருசம், மாசி மாசம்.

தாரணின்னு பேரு. சோமனூர்ப் பக்கம், அப்பன் விசைத்தறி ஓட்டறாரு. இருவத்தெட்டு வயசு, இஞ்சினீரிங்கு முடிச்சு, அதுக்கு மேல முடிச்சு, இப்ப டாக்டர் பட்டத்துக்குப் படிக்குது. ஊசி போடற டாக்டர் இல்லீங்க, மோட்டாருக்கு. சங்கத் தலைவர் குப்பண்ணன் கிட்ட லெட்டரு குடுத்து, ஆறு மாசத்துக்கு உங்க மோட்டாரு ஒவ்வொரு தடவ ஸ்டார்ட் ஆகறதையும் அளந்துக்கறேன்னு கேட்டுது. படிக்கற புள்ள, அளந்துட்டுப் போகட்டும்னு அவரும் சரின்னுட்டாரு.

என்ன அளக்கறதுன்னு கேட்டேன். அண்ணா, எந்திரிக்கற நேரத்த அளக்கறேன்னுது. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. பன்னண்டு செகண்டு. பட்டன அமுக்குனா பன்னண்டு செகண்டுல மோட்டாரு முழு வேகத்துக்கு வந்துரும். அதுல அளக்கறதுக்கு என்ன இருக்குது?

"அதுலதாண்ணா எல்லாமே இருக்குது. மோட்டாரு மேல இந்தத் தகட்டுல போட்டிருக்கற நம்பரு எல்லாம், நல்லா ஓடிட்டிருக்கற மோட்டாரோட கணக்கு. நிக்கறப்ப உள்ள இருக்கற ரெசிஸ்டன்சு வேற. பாதி வேகத்துல வேற. சூடா இருந்தா இன்னும் வேற. அந்தப் பன்னண்டு செகண்டும் அது மாறிட்டே இருக்கும். சுத்தற ரோட்டாருக்குள்ள கைய வச்சு ஆரும் பாக்க முடியாது. ஆனா வெளிய இருந்து அளக்கற கரண்ட்டையும் வோல்ட்டேஜையும் வேகத்தையும் வச்சு, உள்ள என்ன மாறுது, எவ்வளவு சூடாயிருக்குன்னு என்னால சொல்ல முடியும்"னுது.

நான் ஸ்குரூ டிரைவர எடுத்துக் காதுல வச்சுக் காட்டுனேன். நானும் அதத்தான் அம்மிணி முப்பத்தொரு வருசமாச் சொல்லிட்டிருக்கேன்னேன்.

அந்தப் பொண்ணு சிரிக்கல பாருங்க. மத்தவங்கன்னா சிரிச்சிருப்பாங்க. அது நோட்ட எடுத்து, அண்ணா, நீங்க கேக்கற சத்தத்தச் சொல்லுங்க, நான் நேரம் போட்டு எழுதிக்கறேன், என்னோட நம்பரோட ஒத்து வருதான்னு பாக்கலாம்னுது. நான் சொன்னதையெல்லாம் எழுதுச்சு. ஒத்தும் வந்துச்சுங்க, நெறைய நாளு. ஒரு நாளு காலையில, இன்னிக்கு ராத்திரிப் பனியில நல்லாக் குளுந்து கெடக்குதுன்னு நான் சொல்ல, அது பொட்டியப் பாத்து இருவத்திரண்டு டிகிரின்னுச்சு. கைய எடுத்துக் கும்புட்டுது. நான் எதுக்குச் சொல்றேன்னா, எனக்கும் அந்தப் பொண்ணுக்கும் பகையெல்லாம் ஒண்ணும் இல்லீங்க.

என்ர ஊட்டுக்காரி சரோஜா, மத்தியானம் அதுக்கும் சேத்துச் சோறு குடுத்து உடுவா. ரசம்னா அந்தப் பொண்ணுக்கு உசிரு. அதெல்லாம் சரியாத்தான் போயிட்டிருந்துச்சு.

இப்ப ரிலேன்னு ஒண்ணு சொல்லோணும். உங்களுக்குத் தெரியுமோ என்னமோ. ஸ்டார்ட்டர் பொட்டிக்குள்ள இருக்கும். மோட்டாரு அளவுக்கு மேல கரண்ட்டு இழுத்துச்சுன்னா, பதினஞ்சு செகண்டு பாத்துட்டு டக்குன்னு தட்டிரும். மோட்டாரு நின்னுரும். மறுக்கா ஆறற வரைக்கும் போட உடாது. நல்ல சாமானுதான். ஆனா பங்குனி வெய்யில்ல அதுக்குக் கிறுக்குப் புடிச்ச மாதிரி, சும்மாச் சும்மாத் தட்டும். வோல்ட்டேஜு சித்தக் கொறஞ்சாத் தட்டும். ஊர்க்காரங்க எல்லாம் என்னைய ஏசுவாங்க. என்ன சென்னியப்பா, மோட்டார ஓட்டறியா, தாலாட்டறியான்னு.

எங்க சங்கத்துல தண்ணி முறைங்க. ஏக்கராவுக்கு ஒரு மணி நேரம், பதிமூணு நாளைக்கு ஒருக்கா. கடிகாரத்தப் பாத்துத்தான். உங்க முறையில கரண்ட்டு போச்சா, மோட்டாரு நின்னுச்சா, அந்த நேரம் போனது போனதுதான். திரும்பக் கெடைக்காது. மணி ஆச்சுன்னா அடுத்தவன் வந்து மடைய அவன் பக்கம் வெட்டி உட்டுருவான். அண்ணந் தம்பியானாலும் அப்படித்தான். பதிமூணு நாளு வாழை தண்ணியில்லாமச் சித்திரை வெய்யில்ல நின்னா என்னாகும்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல.

அதனால ஒரு சின்ன வேல பண்ணுனேன். தப்பு இல்லீங்க, பண்ணாத எலக்ட்ரீசியன் இந்தக் கோபி தாலூக்காவுலயே கெடையாது. ஒரு துண்டு வயரு. ரெண்டு நுனியையும் சீவி, ரிலேயோட இந்தக் காலுக்கும் அந்தக் காலுக்கும் குடுத்துட்டா, ரிலே தட்டுனாலும் மோட்டாருக்குத் தெரியாது. ஓடிட்டே இருக்கும். நாம பக்கத்துல இருக்கறம்ல, காது இருக்குதுல்ல. அதுக்கப்பறம் ஒருத்தரும் ஏசலீங்க. தண்ணி நிக்காமப் போச்சு.

அந்தப் பொண்ணுகிட்ட நான் சொல்லல. சொல்லோணும்னு தோணல. அது கேக்கவும் இல்ல.

சித்திரை ஒம்போதாந் தேதி. மத்தியானம் ரெண்டு மணி. காலையில இருந்து ஓடி ஓடி மோட்டாரு நல்ல சூட்டுல இருக்குது. அப்பப் பாத்துக் கரண்ட்டு போச்சு. அஞ்சு நிமிசத்துல வந்துச்சு. போட்டேன். எந்திரிச்சுது. நாலு நிமிசம் ஓடுச்சு, மறுக்காப் போச்சு. வந்துச்சு. போட்டேன். இந்தத் தடவ எந்திரிக்கப் பதினாலு செகண்டு ஆச்சு. அந்தப் பொண்ணு பொட்டியப் பாத்துட்டு, அண்ணா, ரோட்டாரு இருநூத்திப் பத்து டிகிரி காட்டுது, இதுக்கு மேல தாங்காதுன்னுது. அது சொல்லி வாய மூடல, மூணாந் தடவையாக் கரண்ட்டு போயிருச்சு.

வந்தது ரெண்டு நிமிசத்துல. வெளிய ஆளுக நிக்கறாங்க. குப்பண்ணனும் நிக்கறாரு. எல்லாரும் கதவத்தான் பாக்கறாங்க.

"வேண்டாம்ணா. ஒரு மணி நேரம் ஆற உடுங்க. வோல்ட்டேஜு வேற, நானூறுக்கு மேல இருக்க வேண்டியது முந்நூத்தி நாப்பதுதான் இருக்குது. எந்திரிக்காது"ன்னுது.

ஒரு மணி நேரம்! பேசறது சுலபமுங்க. முறையில மீதி இருக்கறதே ஒண்ணரை மணி நேரம். அதுல ஒரு மணி நேரத்தத் தூக்கிக் குடுத்துட்டா, வாய்க்கால் நனையறதுக்குள்ள மணியாயிரும். நான் சொன்னேன், அம்மிணி, எனக்குக் காது இருக்குது, அது எந்திரிக்கும்னேன்.

அதுக்கு அந்தப் பொண்ணு என்ன சொல்லுச்சு தெரியுங்களா? இதுதானுங்க எனக்கு இன்னி வரைக்கும் மனசுல கெடந்து அறுக்குது. ஒரு மாதிரி மெதுவா, "சரிண்ணா, போட்டுப் பாருங்க. ரிலே இருக்குது. அது பாத்துக்கும்"னுது. சொல்லிட்டு எங்கையப் புடிச்சிருந்தத உட்டுருச்சு. பெரிய மனுசன எதுத்துப் பேச வேண்டாம், ரிலே எப்படியும் தட்டப் போகுதுன்னு. அதோட ரோசனை அப்படி.

அப்பவாச்சும் நான் சொல்லியிருக்கலாம்னு நீங்க நெனைப்பீங்க. முகத்தப் பாத்தாத் தெரியுது. வெளிய இருவது பேரு நிக்கறப்ப என்னன்னுங்க சொல்றது?

போட்டேன்.

எந்திரிக்கலீங்க. உறுமுச்சு. சுத்த முடியாமச் சுத்துச்சு. எனக்குக் காதுல கேக்குது, இந்தா ஏறப் போகுது, இன்னும் சித்த, இன்னும் சித்தன்னு. நிறுத்துங்கண்ணா நிறுத்துங்கண்ணான்னு அது கத்துது. எனக்கென்னமோ ஏறற சத்தம் மாதிரியேதான் கேட்டுது. சத்தியமாச் சொல்றேனுங்க. அப்பறம் டப்புன்னு ஒரு சத்தம். பொக. வார்னிசு கருகற நாத்தம் மூக்க அடைக்குது. எல்லாரும் வெளிய ஓடுனாங்க, அந்தப் பொண்ணும் ஓடுச்சு.

நான் ஓடலீங்க. அத எல்லாரும் சொல்லுவாங்க, நீங்க வேணும்னா எங்கூர்ல வந்து கேட்டுப் பாருங்க. நான் உள்ளதான் நின்னேன். மெயின் சுச்ச எறக்குனேன். இந்தக் கை, பாருங்க, இந்தத் தழும்பு, ஸ்டார்ட்டர் பொட்டியோட கதவு சுட்டது. அவ்வளவு சூட்டுல கதவத் தொறந்து, ரெண்டு வெரல உட்டு, அந்த வயர உருவி எடுத்துச் சட்டப் பையில போட்டேன்.

அப்பத்தான் பின்னால இருந்து ஆரோ தோளப் புடிச்சு இழுக்கறாங்க. பாத்தா அந்தப் பொண்ணு. துப்பட்டாவால வாயப் பொத்திக்கிட்டு, "வெளிய காணமேன்னு வந்தேன், வாங்கண்ணா, வாங்கண்ணா"ங்குது. அத்தன பேரு வெளிய நின்னாங்களே, ஒருத்தன் வரல. இழுத்துட்டு வந்து வெளிய உக்கார வச்சு, எங்கையில தண்ணிய ஊத்துனது அந்தப் பொண்ணுதான். அதோட பொட்டி உள்ளயே கெடந்துச்சு. அதைய எடுக்கல.

எங்கை ஸ்டார்ட்டர் பொட்டிக்குள்ள இருந்தத அது பாத்துச்சா, பாக்கலியா? பொகைங்க. கண்ணே தெரியாத பொக. பாத்திருக்க முடியாதுன்னுதான் நான் இத்தன நாளா நெனச்சுட்டிருக்கேன்.

அப்பறம் என்ன, சங்கக் கூட்டம் போட்டாங்க. மோட்டாரப் பிரிச்சுப் பாத்தா ரோட்டாருல கம்பியெல்லாம் விட்டுப் போச்சு, சுத்துன வயண்டிங்கு கரி. மாத்திப் போட முப்பத்தேழு நாளாச்சு. சித்திரையும் வைகாசியும் தண்ணியில்லாம இருநூத்தம்பது ஏக்கரா. வாழை எல்லாம் குருத்து மடங்கி நின்னுது. சனங்களுக்கு வயித்தெரிச்சல் இருக்காதா? முப்பத்தொரு வருசம் ஓடுன மோட்டாரு, இந்தப் பொட்டி வந்து ரெண்டு மாசத்துல எரிஞ்சுதுன்னா என்ன அர்த்தம்? பொட்டிதான் கரண்ட்ட உறிஞ்சுதுன்னு ஒருத்தன் சொன்னான். ஆமா ஆமான்னு எல்லாரும் புடிச்சுக்கிட்டாங்க. அந்தப் பொட்டியில இருக்கற கிளாம்பு, வயர மேலாப்புல சுத்திப் புடிக்கற சாமானுங்க, உறிஞ்சறதுக்கு ஒண்ணுமே இல்ல. எனக்குத் தெரியாதா?

குப்பண்ணன் எங்கிட்டக் கேட்டாரு. சென்னியப்பா, நீ சொல்லு, பொட்டி மாட்டுனதுக்கப்பறம் மோட்டாரு சத்தத்துல வித்தியாசம் தெரிஞ்சுதான்னு. தெரிஞ்சுதுன்னேன். அது நெசந்தானுங்களே. வெய்யக் காலத்துல சத்தம் மாறத்தானே செய்யும். நான் பொட்டியாலன்னு சொல்லவே இல்லியே. அவங்களா எழுதிக்கிட்டாங்க. காலேஜுக்கு லெட்டரு போட்டாங்க. கீழ நான் கையெழுத்துப் போட்டேன்.

அந்தப் பொண்ணு பொட்டிய எடுக்க வந்தப்ப, மோட்டாரு ரூமுக்குள்ளயே உடல. வெளிய வீசி எறிஞ்சாங்க. ரங்காத்தாள்னு ஒருத்தி, ரெண்டு ஏக்கரா செவ்வாழை போட்டவ, மண்ண வாரித் தூத்துனா. அந்தப் பொண்ணு தன் தலையில இருந்த மண்ணத் தட்டிட்டு, பொட்டிய நெஞ்சோட அணைச்சுட்டுப் பஸ் ஸ்டாப்புக்கு நடந்து போச்சு. நான் மடைக்கிட்ட நின்னுட்டிருந்தேன். என்னையப் பாத்து, "கை ஆறிருச்சாண்ணா?"ன்னு கேட்டுது.

அந்த ஆவணியில கோயில் நோம்பிக்குக் குப்பண்ணன் எனக்குத் துண்டு போட்டாரு. உசுரப் பணயம் வச்சு மெயின எறக்குனவன்னு. சரோஜா அந்தத் துண்ட மடிச்சுப் பீரோவுக்கு அடியில வச்சா. அவளுக்குத் தெரியுமுங்க. அன்னிக்குச் சட்டையத் தொவைக்கறப்பவே பையில வயரு கெடந்துருக்குது. காயப்போட்ட சட்டைய மடிச்சு, அந்தப் பையிலயே திரும்ப வச்சுக் குடுத்துட்டா. இருவத்தெட்டு வருசம் சண்டையிலயே ஓட்டுன பொம்பள, இப்ப ஒரு வருசமா எங்கூடச் சண்டையே போடறதில்ல. அது எம்புட்டு வெசனம்னு கல்யாணம் ஆனவருக்குத்தான் தெரியும்.

சரி, எங்க உட்டேன்? ஆங். எனக்கு அந்தப் பொண்ணு மேல கோவம்னு சொல்ல வந்தேன்.

தை மாசம் ஊட்டுக்கு வந்துச்சு. ஆளு எளச்சுப் போச்சு. சரோஜா குடுத்த மோர வாங்கிக் கையில வச்சுக்கிட்டு, "அண்ணா, ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அன்னிக்கு ரிலே வேல செஞ்சுதுங்களா?"ன்னுது.

"எதுக்குக் கேக்கற?"ன்னேன்.

"என்னோட பொட்டியில பதிவாகியிருக்குது. அந்த மூணாவது ஸ்டார்ட்டு நாப்பத்தொரு செகண்டு போயிருக்குது, ஆறு மடங்கு கரண்ட்டுல. ரிலே பதினஞ்சு செகண்டுலயே தட்டியிருக்கணும். தட்டல. என் ஆராய்ச்சியத் திருத்தற பெரியவரு ஒருத்தரு கேக்கறாரு. ரிலே நல்லா இருந்து தட்டலன்னா, அவ்வளவு கரண்ட்டே போகல, உன் பொட்டி அளந்தது தப்பு, நீ கணக்குப் போட்ட சூடும் தப்புன்னு எழுதியிருக்காரு. அப்படின்னா அஞ்சு வருசம் நான் செஞ்சது எல்லாமே தப்பாயிருமுங்கண்ணா."

நான் யோசிக்கவே இல்ல. வாயில வந்துருச்சு. ரிலே நல்லாத்தான் இருந்துச்சுன்னேன்.

பொய் சொல்லலீங்க நான். ரிலே நல்லாத்தான் இருந்துச்சு. அதுக்கு ஒரு குத்தமும் இல்ல. இன்னிக்கும் புது மோட்டாருக்கு அந்த ரிலேதான் ஓடுது.

என்னையப் பாத்துச்சு. அப்பறம் மோரக் குடிச்சுது. "சரிண்ணா, நீங்க சொன்னபடியே எழுதிக்கறேன்"னுது. சரோஜா அடுப்படியில பாத்திரத்தப் போட்டு உருட்டுறா. அவ வேணும்னேதான் உருட்டுறான்னு எனக்குத் தெரியாதா?

எழுதியேபுட்டுதுங்க! போன வாரம் தபால்ல வந்துச்சு. அவங்க காலேஜுல கடைசியா ஒரு பரிட்சை வைப்பாங்களாம், கூட்டம் போட்டு. யாரு வேணும்னாலும் போயி உக்காந்துக்கலாமாம், கேள்விகூடக் கேக்கலாமாம். அதுக்குப் பத்திரிகையும், அது எழுதுன புஸ்தகத்துல சுருக்கமும். இங்கிலீசு. பக்கத்து ஊட்டு டீச்சரம்மாதான் படிச்சுச் சொன்னாங்க. கருங்கரடு மோட்டாரப் பத்தித் தனியா ஒரு அத்தியாயம். அதுல ஒரு வரி: 'முப்பத்தொரு ஆண்டு அனுபவமுள்ள இயக்குநரின் கூற்றுப்படி ரிலே நல்ல நிலையில் இருந்தது. அது இயங்காததன் காரணம் தெரியவில்லை.' அப்படியே எழுதியிருக்குது. ரிலே கெட்டுப் போயிருந்துச்சுன்னு அதுபாட்டுக்கு ஒரு வரி போட்டிருந்தா ஆரு கேக்கப் போறா? சங்கத்துல ஒருத்தனுக்கு இங்கிலீசு தெரியாது. அது தப்பிச்சிருக்கும். பண்ணல. தங்கணக்கையே கொல்ற வரியத் தன் கையாலயே எழுதி வச்சிருக்குது. ஏன்னா நான் சொன்னேனாம்.

அதோட உட்டுதா? முன்னால நன்றின்னு ஒரு பக்கம். அப்பா, அம்மா, வாத்தியாரு, அப்பறம் எம்பேரு. 'மோட்டாரின் ஒலியைக் கேட்கக் கற்றுத்தந்த அண்ணன் சென்னியப்பன்.' ஏனுங்க, இப்படி ஒருத்தர அவமானப்படுத்தலாமா? நீங்களே சொல்லுங்க. மண்ண வாரித் தூத்துன ரங்காத்தாளுக்கு நன்றி போட்டிருந்தாக்கூட எனக்கு இம்புட்டு எரிஞ்சிருக்காது. பத்திரிகை ஓரத்துல பேனாவுல எழுதியிருக்குது, முடிஞ்சா வாங்கண்ணான்னு.

இன்னிக்குத்தான். பதினோரு மணிக்கு. ஆமாங்க, கண்ணாஸ்பத்திரியெல்லாம் இல்ல. கண்ணு நல்லாத்தான் தெரியுது.

அந்தப் பெரியவரு வந்து உக்காந்திருப்பாரு. அந்த ஒரு கேள்வியத்தான் கேப்பாரு. ரிலே ஏன் தட்டலன்னு. அதுக்குப் பதில் இல்லைன்னா, பொட்டி தப்பு, கணக்கு தப்பு, அஞ்சு வருசம் தப்பு. எங்கூர்க்காரங்க சொன்னதும் நெசமாயிரும். பொட்டி கெட்ட பொட்டின்னு.

இந்தா, பாருங்க. ஒரு சாண் கூட இருக்காது. சொவப்பு வயரு. இந்த நுனி கருகியிருக்குது பாருங்க, இந்த எடத்துலதான் ரிலேயோட காலு. படிச்ச ஆளுக பாத்த ஒடனே புரிஞ்சுக்குவாங்க. நீங்களும் அந்தக் காலேஜு ஸ்டாப்புலதானே எறங்கறீங்க? டிக்கெட்டு எடுக்கறப்பக் கேட்டனே. நீங்களே இதக் கொண்டுபோயி அந்தப் பொண்ணு கையில குடுத்தர்றீங்களா? எம்பேரு சொல்ல வேண்டாம். மோட்டாரு ரூமுல கீழ கெடந்துச்சுன்னு சொல்லுங்க. பெரிய புண்ணியமாப் போகும்.

இல்லீங்களா?

அதுஞ் சரி. எங்க கெடந்துச்சு, எப்பக் கெடந்துச்சு, நீ ஆருன்னு உங்களப் போட்டுக் கேப்பாங்க. நீங்க என்ன பண்ணுவீங்க பாவம்.

என்ன கேட்டீங்க? அன்னிக்கு ஆரோட முறையா?

அது எதுக்குங்க இப்ப. வெளிய இருவது பேரு நின்னாங்கன்னு சொன்னனே. அவங்கெல்லாம் அடுத்தடுத்த முறைக்காரங்க. குப்பண்ணன் சும்மா பாக்க வந்தாரு. அன்னிக்கு ரெண்டு மணியிலிருந்து நாலு மணி வரைக்கும்... ரெண்டு ஏக்கரா நேந்திரன் வாழை. பூ தள்ளி நின்னுது. குத்தகைக் காடுங்க, சொந்தங்கூட இல்ல. ஆமாங்க. என்ர முறைதான்.

அத நான் ஆருகிட்டயும் சொன்னதில்ல. ஊர்ல எல்லாருக்கும் தெரியும், தண்ணி முறை போர்டுலயே எழுதியிருக்கும். ஆனா ஒருத்தரும் ஒண்ணோட ஒண்ணச் சேத்துப் பாக்கல. அந்தப் பொண்ணுக்கும் தெரியும். போர்டுக்குப் பக்கத்துலதான் பொட்டிய வச்சிருந்துச்சு.

இதே பஸ்ஸுல நேத்தும் வந்தேனுங்க, முந்தா நாளும் வந்தேன். பரிட்சைக்கு முன்னாலயே பாத்துக் குடுத்தரலாம்னு. மொத நாளு அவினாசியிலயே எறங்கிட்டேன். நேத்துக் காலேஜு வாசல் வரைக்கும் போயி, எதுத்தாப்புல நின்ன பஸ்ஸுல ஏறித் திரும்பிட்டேன். இன்னிக்குக் காலையில சரோஜா எந்திரிச்சு, நான் கேக்காமயே வெள்ளச் சட்டைய இஸ்திரி போட்டு வச்சிருக்கறா. பையில வயரு. கெளம்பறப்ப, "ரசம் வச்சிருக்கறேன், வந்தா அந்தப் புள்ளையையும் கூட்டிட்டு வாங்க"ன்னா. ஒரு வருசத்துல அவளா வாயத் தொறந்து பேசுனது அதுதான்.

ஆனா ஒண்ணுங்க. நான் அங்க போறது கோவத்துலதான். எம்பேர எதுக்கு அந்தப் பக்கத்துல போட்டேன்னு கேக்கறதுக்குத்தான். ஆரு வேணும்னாலும் கேள்வி கேக்கலாம்னு பத்திரிகையிலயே போட்டிருக்குதே. மொதல்ல அதக் கேப்பேன். அப்பறம் அந்தப் பெரியவரு ரிலேயப் பத்திக் கேப்பாரு. அது பாட்டுக்கு நின்னுட்டு இருக்கும், பதில் சொல்லாம. அது சொல்லாதுங்க. பாக்காததச் சொல்லாது. பாத்திருந்தாலும் சொல்லாது.

மணி என்னங்க? பத்தே முக்காலா?

காலேஜு ஸ்டாப்பு வந்துருச்சுங்களா? நீங்க மொதல்ல எறங்குங்க, உங்களுக்கு நேரமாகுது. இல்ல, நான் இப்படியே உக்காந்து காந்திபுரம் போயி... இல்ல. இருங்க. என்னையும் அப்படியே ஒரு கை புடிச்சுத் தூக்கி உடுங்க, காலு மரத்துப் போச்சு. அவ்வளவுதான். எந்திரிச்சுட்டேன்.

கண்டக்டர் தம்பி, விசில் அடிச்சராதீங்க. இன்னும் ஒரு ஆளு எறங்கோணும்.